ஓலையில் எழுதிய உத்தியோகம்

அலுவலகத்தில் யாருக்கு எந்த வேலை என்று எழுதி வைப்பது திருவிதாங்கூருக்குப் புதிதல்ல. 1811-ல் திவான் பொறுப்பை ஏற்ற கர்னல் ஜான் மன்றோ, ‘சட்டவரியோலை’ என்ற விதிகளை எழுத்தில் தந்தார். அதுவரை வரி, காவல், நியாயம் மூன்றும் காரியக்காரர் கையில். மன்றோ அவரைத் தாசில்தாராக்கி, வரி வேலையோடு நிறுத்தினார். வழக்குகளுக்குப் பத்மநாபபுரம், திருவனந்தபுரம் உள்ளிட்ட இடங்களில் ஜில்லா கோர்ட்டுகள் ஏற்பட்டன.

இன்று திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கும் நடைமுறைக் கையேடு உண்டு. சாலை பஜாரில் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கும் ஒரு நோட்டுப் போதும்: தினம் செய்வது, மாதக் கடைசியில் செய்வது, சாவி யாரிடம், கையெழுத்து யாருடையது. அவர் லீவில் ஊருக்குப் போனாலும் வேலை நிற்காது. திரும்பி வந்ததும், தன் பொறுப்பல்லாத தவறு தன் தலையில் விழாமல் காக்கவும் அந்த நோட்டே சாட்சி.