கான்ஸ்டன்டைன் என்னும் பெயர்



முதலாம் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுவனின் பெயர் கான்ஸ்டன்டைன். நாவில் எளிதில் வராத அப்பெயரை உடன் பயில்வோர் 'பால் டின்' என்று கேலி செய்தனர். பெயரை மாற்றிவிடலாமா என வினவி அவன் தந்தையார் என்னிடம் வந்தார். பால்மரம் வெட்டி மறைந்த தம் தந்தையின் பெயர் அது என்பதால் அவருக்கு மனம் வரவில்லை. அன்று அவரிடம் கூறியதையே இங்கு எழுதுகிறேன்.

இலத்தீன் மொழியில் 'ஸ்தாரே' என்றால் நிற்றல். அதன்வழிப் பிறந்த 'கான்ஸ்தன்ஸ்' என்னும் சொல்லுக்கு நிலைகுலையாமல் நிற்பவன் என்பது பொருள். அதிலிருந்து அமைந்ததே இப்பெயர். நாம் கூறும் தேவஸ்தானத்திலுள்ள 'ஸ்தானம்' என்னும் வடசொல்லும் இதற்கு உறவே. உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 330இல் திறந்துவைத்த தலைநகர் அவர் பெயரையே பெற்றது. இன்று அது இஸ்தான்புல்.

இவ்வேர் தமிழுக்கும் புதிதன்று. 1680இல் இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த பெஸ்கி பாதிரியாரின் இயற்பெயர் கோஸ்தன்சோ. அதனைத் தழுவியே அவர் தைரியநாதர் எனப் பெயர் பூண்டார். தைரியம் என்றால் அஞ்சாமை என்றே நாம் கொள்கிறோம். வடமொழியிலோ அதற்கு அசையாத உறுதி என்னும் பொருளும் உண்டு. எத்துணைப் பொருத்தமான பெயர்ப்பு! பின்னாளில் வீரமாமுனிவர் எனப் போற்றப்பட்டவரும், 1732இல் சதுரகராதி தந்தவரும் அவரே.

தந்தையார் பெயரை மாற்றவில்லை. சிறுவன் இப்பொழுது அதன் ஏழெழுத்துகளையும் பிழையின்றி எழுதுகிறான். 'ஸ்' மட்டும் சற்றே சாய்கிறது.