விளையாட்டு விதிகளில் உறையும் அரசியல்

விளையாட்டு வாயிலாகக் கல்வி என்பது ஆசிரிய கலாசாலைகளில் வலியுறுத்தப்படும் கொள்கை. குழந்தை விரும்பி ஆடுங்கால் கற்பவை மனத்தில் ஆழப் பதியும். ஆதலின், ஒரு விளையாட்டு எதனைக் கற்பிக்கின்றதென ஆராய்தல் ஆசிரியர் கடனாகும்.

விளையாட்டின் கருத்து அட்டைப் படத்தில் மட்டுமன்று, விதிகளிலும் உறைகின்றது. தமிழ்நாட்டில் வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்படும் பரமபதத்தை நோக்குக. அதில் ஏணி புண்ணியம்; பாம்பு பாவம்; முடிவு வீடுபேறு. இவ்வகை ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்றபோது, சிக்கனமும் உழைப்பும் ஏணிகளாயின. சோம்பலெனும் பாம்பு வறுமையில் வீழ்த்தியது. வறுமைக்குச் சோம்பலே காரணம் என்பது அறவுரை போல் தோன்றினும், அஃது ஓர் அரசியற் கருத்தே அன்றோ!

இதனினும் தெளிவான சான்று ‘மொனொப்பொலி’. அமெரிக்கப் பெண்மணி எலிசபெத் மகி 1904இல் ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்பதற்குக் காப்புரிமை பெற்றார். நிலவரி பற்றிய ஹென்றி ஜோர்ஜின் கொள்கையை விளக்குவதே அவர் நோக்கம். அதற்கு இருவகை விதிகள் அமைந்தன. ஒன்றில் நிலத்தின் பயன் யாவர்க்கும் சேரும். மற்றதில் ஒருவர் அனைத்தையும் கவர, ஏனையோர் ஓட்டாண்டிகளாவர். 1935இல் பார்க்கர் சகோதரர் நிறுவனம் அவருரிமையை 500 டொலருக்கு வாங்கியது. எனினும், அந்நிறுவனம் உலகெங்கும் பரப்பிய மொனொப்பொலியில் இரண்டாம் வகை விதியே நிலைத்தது. எச்சரிக்கையாகக் காட்டப்பட்டது வெற்றியாகப் போற்றப்படலாயிற்று!

நம் நாட்டிற்கும் இவ்வாராய்ச்சி வேண்டுவதே. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டது. 1987இலேயே தமிழும் அந்நிலையை எய்தியது. இத்தகைய நாட்டில், குழந்தைகள் பொருத்தி விளையாடும் இலங்கைப் படத்தில் ஊர்ப்பெயர்கள் எம்மொழியில் உள்ளன, எவை விடப்பட்டுள்ளன என்பன சிறு செய்திகளல்ல. தன் ஊரைக் காணாத குழந்தை, தான் இந்நாட்டிற்கு வேண்டப்படாதவனென்று எண்ணக்கூடும்.

விளையாட்டுக்களைத் தடைசெய்தல் தீர்வாகாது. சார்பே இல்லாத விளையாட்டைத் தேடுதலும் வீண்முயற்சி. மாணவரே ஒரு பலகை வரைக. வெள்ளவத்தைக் காலி வீதியும் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியும் அதில் இடம்பெறுக. பெயர்களை மும்மொழியிலும் எழுதி, விதிகளை இருவகையாய் அமைத்து, இரண்டையும் ஆடிப் பார்க்க. பின், “விதியை இயற்றியவர் யார்? எவர் வெல்ல இயற்றினார்?” என ஆசிரியர் வினவுக. இவ்வினாவைச் சிறுவயதிற் பழகியவர், நாளை நாட்டின் சட்டங்களையும் அவ்வாறே நோக்குவர்.