செம்மண் மேட்டில் மானுக்கு விருந்து

கீழப்பாவூரில் நின்று மேற்கே பாருங்கள். குற்றாலத்து மலைகள் நீல நிறத்தில் தெரியும். அந்த மலைக் காடுகளில் கடமான் வாழ்கிறது. நம் பக்கத்தில் அதை மிளா என்பார்கள். கிழக்கே போனால், திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டானில் புள்ளிமான்களுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு ஏறத்தாழ 288 ஹெக்டேர். அது அடர்ந்த காடு அல்ல. மழை குறைந்த புதர்க்காடு.

மானுக்குக் காட்டில் புல் குறைந்தால் என்ன ஆகும்? அது நம் வயலுக்கு வரும். விவசாயிக்கு நட்டம், சாலையைக் கடக்கும்போதும் நாய்களிடம் சிக்கும்போதும் மானுக்கு உயிர்ச்சேதம். அப்படியானால் காட்டை ஒட்டிய சத்தில்லாத மண்ணிலேயே மானுக்கு வேண்டிய தீவனத்தை வளர்க்க முடியாதா?

அமெரிக்காவில் இதைச் செய்கிறார்கள். 'குளோவர்' என்ற மூன்று இலைத் தீவனப் பயிரை ஓட்ஸ், கோதுமை போன்ற தானியப் பயிர்களோடு கலந்து விதைக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் வேட்டைக்காரர்களே மானை வரவழைக்க இப்படி விதைக்கிறார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மானுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆகவே நமக்கு அவர்கள் நோக்கம் வேண்டாம். அவர்கள் முறையில் உள்ள அறிவியல் மட்டும் போதும். பயறு இனத்தையும் புல் இனத்தையும் ஏன் சேர்த்து விதைக்க வேண்டும்?

மானின் வயிற்றுக்குள்

மான், மாட்டைப் போலவே அசைபோடும் பிராணி. அதன் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லின் நாரைச் சிதைத்து மானுக்கு உணவாக்கித் தருபவை அவையே. அந்த நுண்ணுயிர்களுக்கும் புரதம் வேண்டும். தீவனத்தின் உலர் எடையில் புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவற்றின் வேலை மந்தமாகிவிடும். கோடையில் காய்ந்த புல்லில் நிலைமை இதுதான். வயிறு நிறைந்திருந்தாலும் மான் மெலியும்.

'தானியத்தை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொட்டிவிடலாமே' என்று நீங்கள் நினைக்கலாம். அது ஆபத்து. பழக்கமில்லாத மான் திடீரென்று தானியத்தை அதிகமாகத் தின்றால், மாவுச்சத்து வேகமாகப் புளித்து இரைப்பையில் அமிலம் பெருகும். மான் இறந்தும் போகலாம். மானுக்கு ஏற்றது பசுந்தழையும் புல்லுமே.

வேரில் ஒரு தொழிற்சாலை

புரதத்துக்கு நைட்ரஜன் தேவை. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. யூரியா ஆலைகளில் காற்றின் நைட்ரஜனை முதலில் அம்மோனியாவாக மாற்ற 400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பமும் மிக அதிக அழுத்தமும் தேவைப்படுகின்றன. பயறு இனச் செடியின் வேர் முடிச்சில் வாழும் 'ரைசோபியம்' என்ற பாக்டீரியா இதே வேலையைச் சாதாரண வெப்பத்தில் செய்துவிடுகிறது! செடி அதற்குச் சர்க்கரையைக் கூலியாகக் கொடுக்கிறது. 1886-ஆம் ஆண்டு ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற ஜெர்மானிய அறிஞர்கள் இந்த உண்மையை அறிவித்தனர். 1888-இல் டச்சு அறிஞர் பெய்ஜரிங்க் அந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

இதில் பலர் தவறாக எண்ணுவது ஒன்று உண்டு. பயறுச் செடி உயிரோடிருக்கும்போது பக்கத்துப் புல்லுக்கு அதிகமாக எதையும் கொடுப்பதில்லை. அதன் வேரும் இலையும் உதிர்ந்து மக்கும்போதும், மேய்ந்த விலங்கின் சாணமும் சிறுநீரும் மண்ணில் சேரும்போதும்தான் நைட்ரஜன் புல்லுக்குக் கிடைக்கிறது. ஆகவே பலன் உடனே தெரியாது, பொறுமை வேண்டும். பொறுமையில்லாமல் யூரியாவை அள்ளிப் போட்டால் வேர் முடிச்சுகள் குறைந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும்போது செடி எதற்காகக் கூலி கொடுக்கப் போகிறது?

நம் மண்ணுக்கு ஏற்ற பயிர்

குளோவர் குளிர்ப் பிரதேசத்துப் பயிர். நம் சமவெளி வெயிலை அது தாங்காது. அதன் இடத்தில் நமக்கு முயல் மசால் இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இது மணிச்சத்து குறைந்த செம்மண்ணிலும் வளரும், வறட்சியைத் தாங்கும். இதன் உலர் எடையில் ஏறத்தாழ 15 சதவீதம் புரதம் இருக்கும். புல்லுக்குக் கொழுக்கட்டைப் புல் ஏற்றது.

முயல் மசால் விதையின் தோல் கடினமானது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைச் சில நிமிடம் போட்டெடுத்து, பிறகு இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் நன்றாக முளைக்கும். விதைக்குமுன் ரைசோபிய உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் பாக்டீரியா செத்துவிடும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கலாம்.

புல்லும் பயறும் சேர்ந்த மேய்ச்சல் நிலம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் 'கொறங்காடு' இத்தகையதே. மானாவாரி நிலத்தில் கொழுக்கட்டைப் புல், ஊடே பயறு இனச் செடிகள், மேலே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடுகள் மேய்வது இதில்தான். வெள்வேலமும் பயறு இனமே. கோடையில் அதன் நெற்றுகள் ஆடுமாடுகளுக்குத் தீனியாகும்.

எங்கே விதைப்பது?

நம் தோட்டத்து ஓரத்தில் விதைத்தால் மானை ஊருக்கு நாமே அழைத்து வந்ததாகும். தீவன நிலம் காட்டின் உட்புறத்தில், நீர் இருக்கும் இடத்துக்கு அருகில், வனத்துறையின் பொறுப்பில் இருக்க வேண்டும். அங்கும் வெளிநாட்டுப் பயிரைவிட உள்ளூர்ப் புல்லுக்கே முதலிடம் தர வேண்டும். புல்லை மூடி வளரும் உன்னிச்செடியை அகற்றினாலே பல இடங்களில் புல் தானாக முளைத்துவிடும்.

நீங்களே பாருங்கள்

விதைத்து 40 நாளான தட்டைப்பயறுச் செடி ஒன்றை, வேர் அறாமல் மண்ணோடு தோண்டி எடுங்கள். தண்ணீரில் மெல்ல அலசுங்கள். வேரில் சிறு உருண்டைகள் தெரியும். ஒன்றைப் பிளேடால் இரண்டாக வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தொழிற்சாலை நடக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. அந்தச் சிவப்பு, நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் உறவுப் பொருளால் வருவது. வளமான வயலில் ஒரு செடியும் மேட்டு நிலத்தில் ஒரு செடியும் எடுத்து முடிச்சுகளை எண்ணி ஒப்பிடுங்கள். எதில் அதிகம்? ஏன்? உங்கள் ஆசிரியரோடு பேசிப் பாருங்கள்.