லைம் நோயும் இரத்தப் பரிசோதனையும்

ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்திலே லைம் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கும் அதன் அயலிலும் பல சிறுவர்க்கு முழங்கால் வீங்கி நோவதை 1975ஆம் ஆண்டிலே தாய்மார் இருவர் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவித்தனர். யேல் பல்கலைக்கழகத்து வைத்தியர் அலன் ஸ்ரீயர் முதலியோர் அதனை ஆராய்ந்தனர். உண்ணியின் வயிற்றிலே சுருள் வடிவான கிருமியொன்றை வில்லி பேர்க்டோர்பர் கண்டது 1981இல். அவர் பெயராலேயே அது பொரேலியா பேர்க்டோர்பெரி என வழங்குகின்றது.

நோயாளியின் இரத்தத்திலே அக்கிருமியை நேரே காண்பது அரிது. ஆகவே, அதனை எதிர்த்து உடல் ஆக்கும் பிறபொருளெதிரிகளையே வைத்தியர் தேடுகின்றனர். முதலிற் கையாண்ட வழி எளியது. கிருமியைப் போத்தலிலே வளர்த்து, உடைத்து, அதன் புரதங்கள் யாவற்றையும் தட்டொன்றிலே படியச்செய்து, நோயாளியின் இரத்தத் தெளிநீரை அதன்மேல் இட்டனர்.

இதிலே தவறு நேர இடமிருந்தது. இக்கிருமியின் சவுக்குமுளைப் புரதம் பிற சுருட்கிருமிகளின் புரதத்தைப் பெரிதும் ஒத்தது. சிபிலிசு நோய் கண்டவரின் இரத்தமும் சில வேளை லைம் நோய் உண்டெனக் காட்டிவிடும். இல்லாத நோய்க்கு மருந்துண்பது சிறு துன்பமன்று.

மற்றைய குறையே வியப்புக்குரியது. கிருமி ஒன்றேயாயினும், போத்தலில் ஓர் உடை, உடலினுள் வேறோர் உடை. வி.எல்.எஸ்.ஈ. என்னும் மேற்பரப்புப் புரதத்தை அது உடலினுள்ளேதான் மிகுதியாக ஆக்குகின்றது. போத்தலிலே பலமுறை வளர்க்கும்போது அப்புரதத்துக்குரிய பரம்பரையலகையே இழந்துவிடுவதும் உண்டு. உடல் எதனைக் கண்டு வலுவாக எதிர்த்ததோ, அதுவே பரிசோதனைத் தட்டில் அருகிப் போயிற்று!

1997இல் இப்புரதமும் அதன் பரம்பரையலகும் விவரிக்கப்பட்டன. அப்பரம்பரையலகை ஆய்வுகூடத்து ஈ. கோலை பற்றீரியாவினுட் புகுத்தினால், அது வேண்டிய அளவு புரதத்தை ஆக்கித் தரும். அதனைத் தூய்மையாக்கித் தட்டிலிடலாம். இப்புரதத்தின் சில பகுதிகளைக் கிருமி ஓயாது மாற்றி உடலின் காவலை ஏய்க்கின்றது; எனினும் ஏறக்குறைய 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பகுதி பெரிதும் மாறுவதில்லை. அமெரிக்க, ஐரோப்பிய இனங்களிலும் அது ஒத்திருக்கின்றது. செயற்கையாக ஆக்கப்பட்ட அத்துண்டே சி-6 எனப்படுவது.

1994இல் வகுத்த விதிப்படி, முதற் பரிசோதனை நோய் உண்டெனவோ ஐயமெனவோ காட்டினால் இரண்டாவதாகப் புரதக் கோடுகளை எண்ணுதல் வேண்டும். ஒருவகைப் பிறபொருளெதிரிக்குப் பத்திலே ஐந்து கோடுகளாவது தெரியவேண்டும். மங்கிய கோட்டை ஒருவர் உண்டென்பார், மற்றவர் இல்லையென்பார். 2019இல், கோடு எண்ணாது இரு தட்டுப் பரிசோதனைகளாலேயே முடிவுகாணும் முறைக்கு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இசைவளித்தது. அவ்வாறு இசைவு பெற்றவற்றுள் வி.எல்.எஸ்.ஈ. புரதம் கொண்ட தட்டும் ஒன்று.

உண்ணி கடித்த முதற் சில வாரங்களிலே பிறபொருளெதிரிகள் போதிய அளவு தோன்றுவதில்லை. எத்துணைத் தூய புரதமும் அங்கே உதவாது. ஆதலால், உண்ணி வாழும் நாட்டிலே தோலில் விரிந்துசெல்லும் செந்தடிப்பைக் கண்ட வைத்தியர், இரத்த முடிவுக்குக் காத்திராது மருந்து தொடங்குகின்றார்.