வரைபடத்தின் சிவப்புக் கோடு எங்கிருந்து வருகிறது?

காலை எட்டு மணிக்கு வெள்ளவத்தையில் நின்று கைபேசியில் கூகுள் வரைபடத்தைத் திறந்தால், காலி வீதி பெரும்பாலும் சிவப்பாகத்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு மரைன் ட்ரைவ் பக்கம் திரும்புகிறவர்கள் பலர்.

அந்த நிறத்தைப் பெரும்பாலும் தருவது வீதியோரக் கமரா அல்ல. நெரிசலில் நிற்பவர்களின் கைபேசிகளே தருகின்றன. இருப்பிட வசதி இயங்கும் கைபேசிகள் தாம் எங்கே, எந்த வேகத்தில் நகர்கின்றன என்பதை கூகுளுக்கு அனுப்புகின்றன. பெயர் நீக்கி, எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, வேகம் குறைந்த இடத்தைச் சிவப்பாக்குகிறார்கள். 2020இல் பேர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 கைபேசிகளைக் கைவண்டியில் ஏற்றி மெதுவாக இழுத்துச் சென்றார். வெறும் வீதி வரைபடத்தில் சிவந்தது.

இது வேடிக்கை. போரில் இதன் முகம் வேறு.

2022 பெப்ரவரி 24 அதிகாலை 3.15 மணி. ரஷ்யாவின் பெல்கொரோட் நகரிலிருந்து உக்ரைன் எல்லைக்குப் போகும் வீதியில் நெரிசல் காட்டுவதைக் கலிபோர்னியாவில் இருந்த ஆய்வாளர் ஜெஃப்ரி லூயிஸ் கவனித்தார். படையெடுப்பு அறிவிக்கப்பட்டது அதற்குப் பிறகுதான். சிவப்புக் கோட்டைத் தந்தவை படையினரின் கைபேசிகள் அல்ல, வழிமறிக்கப்பட்ட பொதுமக்களின் கைபேசிகளாகவே இருக்கவேண்டும் என்பது கணிப்பு. சில நாட்களில் உக்ரைனுக்கான நேரடி நெரிசல் காட்சியை கூகுள் நிறுத்தியது. சனம் எங்கே கூடுகிறது, எந்த வழியால் வெளியேறுகிறது என்பதைத் தாக்குகிறவனும் பார்க்கலாம் அல்லவா? 2023 ஒக்டோபரில் இஸ்ரேலிலும் காஸாவிலும் அதையே செய்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது யாருடைய பையிலும் கைபேசி இருக்கவில்லை. இன்று அப்படியொரு இரவு வந்தால், அந்த நெரிசலை உலகின் எந்த மூலையில் இருப்பவரும் திரையில் பார்க்கமுடியும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். போதிய கைபேசிகள் ஓடாத வீதிக்கு நிறமே வராது. வன்னியின் உள்வீதிகளில் நிறம் இல்லை என்றால் பாதை சீராக இருக்கிறது என்று பொருள் அல்ல. மாரியில் வெள்ளம் குறுக்கறுத்த வீதியும் அப்படித்தான் வெறுமையாகத் தெரியும். அந்த நேரத்தில் அந்த ஊரில் இருப்பவருக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேட்பதே நல்லது.

இருப்பிடத்தைக் கொடுக்க விரும்பாதவர்கள், கைபேசி அமைப்புகளில் வரைபடச் செயலிக்கான இருப்பிட அனுமதியை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றலாம். அல்லது முழுமையாக மறுக்கலாம். அனுமதி மறுத்தாலும் மற்றவர்களின் கைபேசிகள் தரும் நெரிசல் நிறம் உங்களுக்குத் தெரியும். ஆனால் இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் கோபுரங்களுக்கு நீங்கள் இருக்கும் பகுதி தெரிந்துகொண்டே இருக்கும். அதை இந்த அமைப்பால் மறைக்கமுடியாது.