கம்பைக் கொடுங்க வாத்தியாரே!

"சாருக்கு எந்த ஊர்?" என்று ஆபீஸில் யாராவது கேட்டு, நான் "குச்சனூர்" என்று சொன்னால் போதும். எதிராளி நாற்காலியை அரை அடி பின்னுக்கு இழுத்துக்கொள்வார். சனீஸ்வரனே மூலவராக இருக்கிற ஊர்க்காரனுக்குக் கைமாற்று கொடுக்கலாமா என்ற யோசனை அவர் முகத்தில் ஓடும். (கொடுக்காமலிருப்பது நல்லதுதான். ஆனால் காரணம் சனி பகவான் இல்லை!)

குச்சுப் புல் வேய்ந்த கோயில் இருந்ததால் குச்சனூர் என்பார்கள் பெரியவர்கள். எங்கள் வாத்தியார் மட்டும், "குச்சி புடிக்கத் தெரிஞ்சவன் ஊருடா இது" என்பார். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, சிலம்ப வாத்தியார். சுரபி நதி ஓரம் தென்னந்தோப்புக்குள் ஒரு களம், மூலையில் ஒரு ஓலைக் கொட்டகை. போர்டு இல்லை, பீஸ் இல்லை. வெற்றிலை பாக்கோடு பதினொரு ரூபாய் தட்சிணை வைத்தால் அட்மிஷன்.

டி.வி.யில் எம்.ஜி.ஆர். கம்பு சுற்றுவதைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே நாமும் சுற்றலாம் என்று போய்ச் சேர்ந்தவன் நான். மூன்று மாதம் கம்பைக் கண்ணிலேயே காட்டவில்லை மனுஷன். விடியுமுன் போய்க் களத்தைப் பெருக்க வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே வரலாம். அப்புறம் காலடி, காலடி, காலடி. "கால் நிக்கலைன்னா கம்பு நிக்காதுடா." ஐந்து நிமிஷம் லேட் என்றால் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம். சின்னப் பையனிடம் வேகத்தைக் காட்டினால் அன்றைக்கு அவனுக்கே கம்பு தூக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடுமை ஒன்று உண்டு. வீட்டில் சண்டை போட்டுவிட்டு உம்மென்று வருகிறவனுக்கு அன்றைக்குக் கம்பே கிடையாது. கோபமாக இருக்கிறவன் கையில் மூங்கிலைக் கொடுக்கக் கூடாதாம்.

இதெல்லாம் எங்கள் வாத்தியாரின் தனிப் பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன். பிற்பாடு படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கேரளத்துக் களரியில் வலது காலை முன்வைத்து இறங்கி, தரையைத் தொட்டு வணங்காமல் பயிற்சி இல்லை. ஜப்பானில் கராத்தேயைப் பரப்பிய ஃபுனாகோஷி (1868-1957) தன் மாணவர்களுக்கு இருபது நெறிகள் எழுதி வைத்தார். முதலாவது, வணக்கம். இரண்டாவது, முந்திக்கொண்டு கை ஓங்காதே. அந்த இரண்டாவது நெறியை காமகுரா ஊரில் என்காகு-ஜி கோயிலில் உள்ள அவர் நினைவுக் கல்லிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். சிலம்பப் போட்டியிலும் கம்பு எதிராளியைத் தொட்டால்தான் புள்ளி. மண்டையை உடைத்தால் ஒன்றும் கிடையாது!

நான் உடைத்தது மண்டையை இல்லை, மணிக்கட்டை.

ப்ளஸ் டூ படிக்கும்போது ஒரு ஆடிச் சனிக்கிழமை. திருவிழாக் கூட்டம், எள் தீபப் புகை. சின்னமனூர்ப் பையன் ஒருத்தன், "என்னடா, குச்சி வித்தைக்காரா!" என்றான். கூட இரண்டு பேர் சிரித்தார்கள். வளையல் கடைப் பந்தலில் சாத்தியிருந்த கம்பு என் கைக்கு எப்படி வந்ததென்று இன்றுவரை தெரியாது. ஒரே வீச்சு. அழகான வீச்சு என்றுகூடச் சொல்வேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வியர்த்தது.

மறுநாள் வாத்தியார் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். சைக்கிளில் பின்னால் உட்காரச் சொல்லி, நேரே அந்தப் பையன் வீட்டுக்குப் போனார். அவன் அப்பா முன்னால், என்னைவிட நாற்பது வயது மூத்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார். "எம் புள்ள அடிச்சது நான் அடிச்ச மாதிரிங்கய்யா." திரும்பும் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. களத்துக்கு வந்ததும் என் கம்பை வாங்கிக் கொட்டகை விட்டத்தில் செருகினார். "அவன் கட்டு அவுத்துட்டான்னு நீ வந்து சொல்லு, தர்றேன்."

ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று பிற்பாடு பி.காம்.மில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அது புதுப் பாடமாக இல்லை.

பரீட்சை வந்தது, மதுரைக் காலேஜ் வந்தது, வேலை வந்தது. நான் போய்ச் சொல்லவே இல்லை. வெட்கம்தான், வேறென்ன?

போன ஆடியில் அக்கா மகனைக் களத்தில் சேர்க்க அழைத்துப் போனேன். நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள், பாதிப் பேர் பெண்கள்! அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவிகித ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தாயிற்று. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் அறிமுக விளையாட்டாகவும் ஆடினார்கள். ஆகவே, வேலிக்கு வெளியே அப்பாக்கள் கூட்டம். "ஆறு மாசத்துல சர்ட்டிபிகேட் வந்துருமாங்க?" என்றார் ஒருவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்கு நாய் படாத பாடு பட்டவன் நான். கம்பு சோறு போட்டால் நல்லதுதானே?

"வரும்ங்க. மொதல்ல பையன் நேரத்துக்கு வரட்டும்" என்றார் வாத்தியார். எழுபது தாண்டியும் குரல் அப்படியே இருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு விட்டத்தைப் பார்த்தேன். அங்கேயே இருந்தது.

"வாத்தியாரே... அந்தக் கம்பு..."

"அவன் கட்டு அவுத்துட்டானா?"

"இருபது வருஷம் ஆச்சுங்க. சின்னமனூர்ல செல்போன் கடை வச்சிருக்கான். அவன்கிட்டதான் ரீசார்ஜ் பண்ணிட்டு வர்றேன்."

"இத வந்து சொல்ல இத்தன வருசமாடா?"

எக்கிக் கம்பை உருவினார். தூசி கொட்டியது. தோள் துண்டால் துடைத்து என் கையில் வைத்தார். கூடவே விளக்குமாற்றையும் நீட்டினார்.

"காலையில அஞ்சு மணி. மருமகனையும் கூட்டிட்டு வா."