பார்க்கும் கருவி – 9: தறி ஓடுதா, நீ ஓடறயா?

கோவைப் பக்கம் கருமத்தம்பட்டியில் இறங்கி சோமனூர் ரோட்டில் திரும்பினால், தெருவுக்குத் தெரு தறிச் சத்தம்தான். போன மாதம் அங்கே ஒரு தறிக்குடோனில் கல்லூரிப் பையன் ஒருவன் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தான். தறி ஓட்டுகிற அவன் அம்மாதான் கதாநாயகி. கையில் செல்போன், அதைத் தாங்க ஒரு கிம்பல். ஆறு தறியையும் வளைத்து வளைத்து வந்தான். அம்மா சிரித்துவிட்டார்: "ஏங்கண்ணு, தறி ஓடுதா, நீ ஓடறயா?"

எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். எல்லாமே அசைந்தது, எதுவும் கண்ணில் தங்கவில்லை. குறுக்கு நூலோடு நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் பாய்கிற நாடாவின் வேகம், கேமராவின் வேகத்துக்குள் காணாமல் போயிருந்தது. "போனை ஸ்டூல் மேலே வை தம்பி, தொடாதே" என்றேன். "சும்மா வச்சா போரடிக்குமுங்க" என்றபடியே வைத்தான்.

ஒரு நிமிடம் காடாத் துணி மட்டும் சுருண்டுகொண்டிருந்தது. பிறகு பாவில் ஓர் இழை அறுந்தது. தறி நின்றது. சட்டகத்துக்கு வெளியே இருந்து ஒரு கை உள்ளே வந்தது, நுனியைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டது, போய்விட்டது. தறி மறுபடி ஓடியது. அம்மாவின் முகமே அதில் இல்லை. ஆனாலும் எத்தனை வருஷமாக அந்தக் கை இதைச் செய்கிறது என்பது தெரிந்தது.

சினிமா தொடங்கியதே இப்படித்தான். லூமியேர் சகோதரர்களின் ரயில் படத்தில் கேமரா நகரவே இல்லை. பிளாட்பாரத்தில், தண்டவாளத்துக்குச் சாய்வாக நிற்கிறது, அவ்வளவுதான். தூரத்துப் புள்ளியாகத் தெரிகிற ரயில் திரையை அடைத்துக்கொண்டு வருகிறது. ஒரே ஷாட்டுக்குள் தூரக்காட்சியும் அண்மைக்காட்சியும். நேர் குறுக்காக வைத்திருந்தால் ரயில் இடமிருந்து வலமாக ஓடிப் போயிருக்கும், அதோடு சரி.

கேமராவை நகர்த்தவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. 1896-லேயே லூமியேரின் ஆள் புரோமியோ, வெனிஸில் கேமராவைப் படகில் ஏற்றிவிட்டார். கரைக் கட்டடங்கள் நம்மைக் கடந்து போயின. பார்க்கிறவனுக்குக் கால் முளைத்தது அப்போதுதான்.

டிராலிக்கும் ஜூமுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தறிக்குடோனைவிட நன்றாக எந்தப் பள்ளியிலும் சொல்லித்தர முடியாது. வரிசையாக நிற்கும் தறிகளுக்கு நடுவே கேமராவோடு நடங்கள். பக்கத்துப் பாவு நூல்கள் சரசரவென்று பின்னால் ஓடும், கடைசித் தறி மெதுவாக நகரும். நாம் போகிறோம் என்று உடம்புக்குத் தெரியும். ஜூம் செய்தால் எல்லாம் ஒரே அளவில் பெரிதாகும். நாம் நின்ற இடத்திலேயே நிற்போம். ஒளிந்து பார்ப்பது, வேவு பார்ப்பது போன்றவற்றுக்கு ஜூம் பொருந்தும். கல்யாண வீடியோக்களில் தாலி கட்டும் நேரத்தில் ஏன் அது இத்தனை பாய்ச்சல் பாய்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உயரமும் அப்படியே. கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னையின் அக்டோபர் தேரை ட்ரோனில் எடுத்தால் கூட்டம் எவ்வளவு என்று தெரியும், தேர் பொம்மையாகிவிடும். கூட்டத்துக்குள் நிற்கும் குழந்தையின் கண் உயரத்தில் வையுங்கள், அதே தேர் வானத்தை மறைக்கும். இரண்டும் பொய்யில்லை. யாருடைய திருவிழாவைக் காட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' படம் 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. வெயிலில் அப்பனும் மகனும் நடக்கிறார்கள். கேமராவும் கூடவே நடக்கிறது. முதுகைப் பார்த்துக்கொண்டே போகும்போது அப்பனின் கோபம் எப்போது திரும்பும் என்ற பயம் நமக்கும் தொற்றுகிறது, மகனுக்கு இருப்பது போலவே. கடைசியில் குழியில் ஊறும் தண்ணீரைப் பெண்கள் மொள்ளும் காட்சி, ஊறுகிற வேகத்திலேயே நீள்கிறது. இந்த இரண்டு வேகத்துக்கும் வசனம் எழுத முடியாது.

பையனுக்கு இதெல்லாம் சொன்னேனா என்றால், பாதிதான். தறிச் சத்தத்தில் அதற்கு மேல் கத்த முடியவில்லை. சாயங்காலம் அம்மாவுக்கு அந்த ஷாட்டைக் காட்டினான். முழுக்கப் பார்த்தார். "நூலு அறுந்ததை எதுக்குக் கண்ணு எடுத்தே? ஓனரு பாத்தா கூலியில புடிப்பாரு."

அவன் அதை அழிக்கவில்லை.

(தொடரும்)